வைஃபை பெட்டி வாங்கும் முன்



என் தங்கை போனில் பாடம் கேட்பாள். பின் அறையில் வைஃபை கிடைக்காது. நான்கு ஆன்டெனா உள்ள புது ரூட்டர் வாங்கினேன். காசு போனது, குறை போகவில்லை.

ஏன் தெரியுமா? ரூட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது!

வைஃபை என்பது ரேடியோ அலை. இரும்பு அதைத் தடுக்கும். கான்கிரீட் சுவர் அதன் வலுவைக் குறைக்கும். ஆகவே, ரூட்டரை வீட்டின் நடுவில், உயரத்தில் வையுங்கள். இதற்குச் செலவே இல்லை.

பிறகு, ரூட்டர் பக்கத்தில் நின்று போனைப் பாருங்கள். அங்கேயும் வேகம் இல்லையா? கோளாறு இணைப்பில் இருக்கலாம். இணைப்புக் கொடுத்தவரிடம் முதலில் கேளுங்கள்.

பக்கத்தில் கிடைக்கிறது, தூர அறையில் கிடைக்கவில்லையா? எக்ஸ்டெண்டர் வாங்கலாம். அது அலையை வாங்கி மேலும் அனுப்பும். சிக்னல் இல்லாத அறையில் அதை மாட்டாதீர்கள். பாதி வழியில் மாட்டுங்கள். வேகம் கொஞ்சம் குறையும்.

மாடி வீடா? கேபிள் இழுத்து, மாடியில் இன்னொரு ரூட்டர் வைப்பது நல்லது. வேகம் குறையாது.

புது ரூட்டர் வாங்கினால் ஆன்டெனாவை எண்ணாதீர்கள். அட்டைப் பெட்டியில் 2.4, 5 என்ற இரண்டு எண்களும் உள்ளனவா என்று பாருங்கள். 2.4 அலை தூரம் போகும். 5 அலை வேகமானது. சுவர் தாண்டினால் வலு குறையும். இரண்டும் இருப்பதே நல்லது.

எண் படிக்க இப்போது நமக்குத் தெரியும். படித்துப் பார்த்தே வாங்குவோம்.