கொடிவழி காண்போம்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் குடும்பங்களின் கொடிவழியை அறிவது எங்ஙனம் என்பது பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றுபவன். ஆயினும் பதிவேடுகளோடு நாளும் பழகுபவன் என்னும் உரிமையால் சில சொல்லத் துணிகின்றேன்.

1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் படைக்குடியிருப்பை நிறுவினர். அதனைத் தொடர்ந்து தமிழர் பலர் படைவீரராகவும் கைவினைஞராகவும் வணிகராகவும் இங்கு வந்தனர். கோலார் தங்கவயலுக்குச் சென்றோரும் பலர். 2001-இல் அச்சுரங்கங்கள் மூடப்பட்டபின் அக்குடும்பங்களும் சிதறின. இன்று நம் பிள்ளைகளைச் ‘சொந்த ஊர் எது?’ என்று வினவினால், ‘பெங்களூர்’ என்பர். அதில் தவறில்லை, நம்மை வாழவைக்கும் மண் இதுவே. ஆனால் பாட்டன் பிறந்த ஊரின் பெயர் நம் தலைமுறையோடு அழிந்துபோதல் தகுமோ?

ஆகவே முதல் வேலை வீட்டிலேயே இருக்கிறது. முதியோரை அமர்த்தி, ஊர், குலதெய்வம், பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்துப் பழைய பத்திரம், பட்டா, பள்ளிச் சான்று, திருமண அழைப்பிதழ் ஆகியவற்றைத் தேடுங்கள். அரசுப் பணியாளரின் பணிப் பதிவேட்டில் தந்தையார் பெயரும், பிறந்த நாளும், ஊரும் இருக்கும். ஒன்றை மறவாதீர்கள்: பழைய ஏட்டில் ‘வடவார்க்காடு’ என்றிருந்தால், இன்றைய வரைபடத்தில் அம்மாவட்டம் இல்லை. 1989-இல் அது பிரிந்தது. அதிலிருந்து பிறந்த வேலூர் மாவட்டமும் 2019-இல் மூன்றாயிற்று.

இனி இணையதளங்களுக்கு வருவோம். எத்தளம் பெரிது என்று கேட்பதில் பயனில்லை. நம் முன்னோர் பெயர் எழுதப்பட்ட ஏடு எத்தளத்தில் இருக்கிறது என்றே கேட்க வேண்டும். சால்ட் லேக் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘ஃபேமிலிசெர்ச்’ கட்டணமில்லாதது. ‘ஆன்செஸ்ட்ரி’, ‘மைஹெரிட்டேஜ்’ ஆகியவை கட்டணம் பெறுபவை. இவற்றின் ஏடுகளுள் பெரும்பகுதி மேலைநாட்டாருடையவை. நிலம் வைத்திருந்த குடும்பத்திற்குத் தமிழ்நாட்டு அரசின் நிலப்பதிவுத் தளமும், கிறித்தவக் குடும்பத்திற்குத் திருச்சபையின் திருமுழுக்கு ஏடுமே மிகுதியும் பயன்படும்.

அத்தளங்களில் பிறர் வரைந்த கொடிவழியைக் கண்டதும் நம்பிவிடலாகாது. நம்மிடையே பெயரன் பாட்டன் பெயரைத் தாங்குவான். ஆகவே இரு தலைமுறைகளை ஒரே ஆளாகச் சேர்த்துவிடுவது எளிது. குடும்பப்பெயர் கேட்கும் கட்டத்தில் தந்தை பெயரை இட்டால், தலைமுறைதோறும் அது மாறும். ஆகவே முதலெழுத்தோடு நில்லாமல் முழுப்பெயரை எழுதி, ஊரையும் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்தது மரபணுச் சோதனை. உமிழ்நீரை அனுப்பினால், அந்நிறுவனத்திடம் முன்பே சோதித்துக்கொண்டோருள் நமக்கு உறவினர் எவர் என்று பட்டியல் தருவர். ஒத்திருக்கும் மரபணுப் பகுதியைச் சென்டிமார்கன் என்னும் அளவையால் குறிப்பர். பெற்றோர்க்கும் பிள்ளைக்கும் ஏறத்தாழ 3,400. உடன்பிறந்தார் பிள்ளைகளுக்குள் சராசரி 870 அளவில். அவர்தம் பிள்ளைகளுக்குள் 230 அளவில் அமையும்.

இக்கணக்கு நெருங்கிய உறவில் மணம் புரியாத மக்களுக்கு உரியது. நாமோ மாமன் மகளையும் அத்தை மகனையும், சிலவிடங்களில் தாய்மாமனையுமே மணந்து வந்தவர்கள். ஒரே முன்னோரின் மரபணு இரண்டு மூன்று வழிகளில் வந்து சேர்வதால், தூரத்து உறவும் நெருங்கிய உறவுபோல் தோன்றும். எனவே மொத்த எண்ணை மட்டும் பாராமல், தொடர்ந்து ஒத்திருக்கும் மிக நீண்ட பகுதியையும் பாருங்கள். நீண்ட பகுதி அண்மைக்கால முன்னோரைக் காட்டும்; சிறு துணுக்குகளைக் கொண்டு உறவு கொண்டாடலாகாது.

இன்னொன்று: சித்தப்பா மகனும் மாமன் மகனும் அந்த அளவையில் ஒன்றே. எவர் பங்காளி, எவர் மைத்துனர் என்று அது சொல்லாது. அதனைச் சொல்ல நம் பாட்டிமாரே வேண்டும்!

இவ்வளவு தொல்லை எதற்கு என்பீர்கள். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டோர் 1,52,184 பேர். முதற்கப்பலாகிய ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்தே புறப்பட்டது. கப்பல் ஏட்டில் அவர்தம் பெயர், தந்தை பெயர், வயது, மாவட்டம், ஊர் ஆகியவற்றைப் பதிந்து, ஆளுக்கோர் எண்ணும் கொடுத்தனர். மொரீசியசுக்குச் சென்றோரின் ஏடுகள் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. தென்னாப்பிரிக்காவில் முதலியார் ‘மூட்லி’ ஆயினர். கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆயினர். ஊர்ப்பெயர்களும் வெள்ளை எழுத்தர் கையில் உருக்குலைந்தன. அவர்களிடம் எழுத்து இருக்கிறது. அது எந்த ஊர் என்று சொல்வாரில்லை. நம்மிடம் ஊர் இருக்கிறது. கடல்கடந்தவர் என்ன ஆயினர் என்னும் செய்தி இல்லை.

ஆகவே டர்பனிலிருந்து முன்பின் அறியாத ஒருவர், ‘நம் மரபணு பொருந்துகிறது’ என்று எழுதினால் ஒதுக்கிவிடாதீர்கள். அவருடைய முன்னோரின் கப்பல் எண்ணையும் ஊரையும் கேளுங்கள். ஊர்ப்பெயரை நம் முதியோரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கண்ணுக்குப் புலப்படாத பெயர் செவிக்குப் புலப்படும்.

எச்சரிக்கையும் வேண்டும். ‘23 அண்ட் மீ’ என்னும் நிறுவனத்திலிருந்து 2023-இல் ஏறத்தாழ 69 இலட்சம் பேருடைய செய்திகள் களவுபோயின. 2025-இல் அது திவால் மனுச் செய்து, கைமாறிற்று. ஒருவர் கொடுக்கும் உமிழ்நீர் உடன்பிறந்தார் மறைபொருளையும் வெளிப்படுத்தும். வீட்டில் எவரும் அறியாத உண்மையும் வெளிவரக்கூடும். குடும்பத்தாரைக் கலந்து, இசைவு பெற்ற பின்னரே இறங்குக.

முடிவாக ஒன்று. சாதிப்பெருமை பேசுவதற்குக் கொடிவழி வேண்டுவதில்லை. அறுந்த உறவைச் சேர்ப்பதற்கும், பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த ஏழைப் பாட்டன் பாட்டியின் பெயரை நிலைநிறுத்துவதற்குமே அது வேண்டும். சோதனைக்குப் பணம் வேண்டும். முதியோரைக் கேட்க ஒரு நோட்டுப் புத்தகமே போதும். சோதனை அடுத்த ஆண்டும் கிடைக்கும். எண்பது வயதுப் பாட்டியின் நினைவு கிடைக்குமென்று உறுதி சொல்வார் யார்? இந்த ஞாயிறே தொடங்குங்கள்.