விதைநெல்லுக்கும் பருவம் உண்டு

(திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் நடைபெற்ற கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



நீதிமன்றத்திலே நான் நாள்தோறும் காணும் உண்மை ஒன்றுண்டு. கண்கண்ட சாட்சி மறைந்தால் வழக்கின் வலிமையும் அவனோடு மறைகின்றது. திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் உழைத்து ஓய்வுபெற்ற நம் மூத்தோரை எண்ணும்போதெல்லாம் இவ்வுண்மையே என் நெஞ்சை உறுத்துகின்றது.

ஈழத்துத் தமிழ்ப்படம் 1962இல் "சமுதாயம்" வாயிலாகப் பிறந்தது. 1972இல் "குத்துவிளக்கு", 1977இல் "பொன்மணி", 1978இல் "வாடைக்காற்று" என நம்மவர் வாழ்வு திரையேறிற்று. 1982இல் ரூபவாகினி தோன்றியது. தமிழ் நிகழ்ச்சித் தயாரிப்பாளரும் உருவாயினர். ஆனால், 1983 ஆடியிலே நிகழ்ந்தது என்ன? தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையாயிற்று. அங்கிருந்த படச்சுருள்கள் சாம்பலாயின. கலைஞர் பலர் கடல் கடந்தனர். சுருள் எரிந்தபின் எஞ்சியது யாது? அதை ஆக்கிய கைகளின் அறிவு ஒன்றே! அக்கைகள் இன்று முதுமையால் தளர்கின்றன.

"ஒவ்வோர் இளைஞன் கையிலும் கைத்தொலைபேசி உண்டே, ஆசான் எதற்கு?" என்று கேட்பார் உளர். கருவி காட்சியைப் பிடிக்கும். எதைக் காட்டுவது, எதை விடுப்பது, துயருற்ற தாயின் முன்னே எப்போது கமராவைத் தாழ்த்துவது என்பதை அக்கருவி அறியாது. அறிந்தவர் அருகிருந்து சொல்லவேண்டும்.

மட்டக்களப்பு அமிர்தகழியிலே பிறந்த பாலு மகேந்திராவைப் பாருங்கள். புனே திரைப்படக் கல்லூரியிலே ஒளிப்பதிவு பயின்று தென்னகமெங்கும் புகழ்பெற்றார். புகழ் கண்டபின் ஓய்ந்திருந்தாரா? சென்னையிலே "சினிமா பட்டறை" நிறுவி இளைஞர்க்குக் கற்பித்தார். பாலா, வெற்றிமாறன், சீனு ராமசாமி போன்றோர் அவரிடம் உதவியாளராயிருந்து தொழில் கற்றவர்கள். 2014இல் அவர் மறைந்தார். அவர் கற்பித்த தொழில் மறையவில்லை.

நம் துறைமுகத்தை நோக்குவோம். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு பொழிந்தன. அதைக் கண்டவர் வாய்மொழியை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் பதிவு செய்தனர்? 2004 ஆழிப்பேரலையைக் கண்டோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். மூதூரிலும் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் அவர்கள் வாக்கைப் பதிவு செய்வதே நம் மாணவ மாணவியரின் முதற்பாடமாகட்டும்.

மூன்று வேண்டுகோள்கள் விடுக்கின்றேன். ஓய்வுபெற்ற கலைஞர் ஒருவர், வாரத்திற்கு ஒரு மாலை, இருவர்க்குக் கற்பிக்கட்டும். புலம்பெயர்ந்தோர் விடுமுறையில் வரும்போது அவ்வாறே செய்யட்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படைப்பாளியின் உரிமையைக் காக்கின்றது. ஆதலின் மாணவர் எடுத்த படத்தின் உரிமை யாருக்கு என்பதை முதல் நாளே எழுதிக் கைச்சாத்திடுங்கள். ஒவ்வொரு பதிவையும் மூன்று இடங்களில் வையுங்கள். ஒரு தீயில் அனைத்தையும் இழந்தவர்கள் நாம்!

தம்பலகாமத்துக் கமக்காரப் பெருமக்களே! விதைநெல்லின் அருமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அதைக் காப்பதோடு கடமை முடிவதில்லை. பருவம் தவறினால் அது முளைக்காது. நம் மூத்தோரின் அறிவும் அத்தகையதே. இப்போகத்திலேயே விதைப்போம்!