மார்க்கத்தை ஏற்காதவருக்கும் மார்க்கச் சுதந்திரம் உண்டா?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேஷ் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

சென்ற ரமலானுக்குப் பின் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தகப்பனார், மஃக்ரிப் தொழுகை முடிந்ததும் என்னருகே வந்து நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். பட்டணத்தில் படிக்கும் அவருடைய மகன், தனக்கு மார்க்கத்தில் நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கிவிட்டான். அக்குடும்பத்தாரிடம் சந்தா வாங்கக் கூடாது, மகளின் நிகாஹுக்குத் தஃப்தர் கொடுக்கக் கூடாது என்று சிலர் கமிட்டிக்கு மனுக் கொடுத்துள்ளனர். "ஹஜ்ரத், மகன் சொன்னதற்கு மகள் என்ன செய்வாள்?" என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை. பின்னர் நம் வக்கீல் சகோதரர் ஒருவரிடம் அமர்ந்து சில சட்டங்களையும் தீர்ப்புகளையும் விளங்கிக்கொண்டேன். அந்தத் தகப்பனாரின் அனுமதியோடுதான் இதை இங்கே பேசுகிறேன்.

அரசியலமைப்பின் 25ஆம் பிரிவை நாம் மேடைதோறும் சொல்கிறோம். மார்க்கத்தை வெளிப்படையாக ஏற்கலாம், பின்பற்றலாம், எடுத்துச் சொல்லலாம் என்கிறோம். ஆனால் இம்மூன்றுக்கும் முன்பாக அப்பிரிவில் நிற்கும் சொல்லை நாம் விட்டுவிடுகிறோம். அது மனச்சாட்சிச் சுதந்திரம். அச்சுதந்திரம் எல்லா மனிதருக்கும் சமமாக உரியது என்றே அங்கு எழுதப்பட்டுள்ளது. நம்பிக்கையாளருக்கு மட்டும் என்று எழுதப்படவில்லை.

இது கவனக்குறைவாக விழுந்த சொல்லும் அன்று. 1949 அக்டோபர் 17ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அவர்கள், முகவுரை கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார்கள். திருவிதாங்கூர் பட்டம் தாணுப்பிள்ளை அவர்கள் தாம் ஒரு நம்பிக்கையாளர் என்று சொல்லிக்கொண்டே அதை எதிர்த்தார்கள். நம்பாதவரையும் அது நிர்ப்பந்திக்கும் என்பது அவர்கள் வாதம். வாக்கெடுப்பில் 41 பேர் ஆதரித்தனர், 68 பேர் எதிர்த்தனர், திருத்தம் தோற்றது. பதவிப் பிரமாணத்திலும் இரு வழிகளை வைத்தார்கள். கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். உளமார உறுதி கூறிப் பதவியேற்ற அமைச்சர்களை நம் தமிழகத்திலேயே கண்டிருக்கிறோம்.

நீதிமன்றங்களும் இவ்வழியே சென்றுள்ளன. தாங்கள் எந்த மதத்தையும் சேர்ந்தவர்கள் அல்லர் என்று அரசிதழில் வெளியிடக் கோரியவர்களின் வழக்கில், 2014இல் பம்பாய் உயர்நீதிமன்றம், எந்த மதமும் தனக்கு இல்லை என்று சொல்வதும் மனச்சாட்சிச் சுதந்திரத்தில் அடங்கும் என்றும், மதத்தை அறிவிக்குமாறு அரசு எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்றும் தீர்ப்பளித்தது. 2017இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் வழங்கிய அந்தரங்க உரிமைத் தீர்ப்பிலும், நம்பிக்கையைத் தேர்ந்துகொள்வதும் அதை வெளியே சொல்வதும் சொல்லாதிருப்பதும் 25ஆம் பிரிவுக்குள் அடங்கும் எனக் கூறப்பட்டுள்ளது.

இந்த உரிமையால் நமக்கு என்ன என்று கேட்காதீர்கள். அதை அன்றாடம் அனுபவிப்பவர்கள் நாம். பிற சமயத்தார் நடத்தும் பள்ளியில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதமின்றி ஒரு சிறுவனை வழிபாட்டில் நிறுத்தலாகாது என்று 28ஆம் பிரிவு தடுக்கிறது. 1985இல் கேரளத்தில், தேசிய கீதத்திற்கு மரியாதையாக எழுந்து நின்றும் வாய்திறந்து பாடாத யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். மறு ஆண்டே உச்சநீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்க ஆணையிட்டது. நாட்டில் ஒரு சிறு கூட்டத்தாரின் மனச்சாட்சிக்காக வந்த தீர்ப்பு அது. 2022 அக்டோபரில் ஹிஜாப் வழக்கில் இரு நீதிபதிகள் மாறுபட்டபோது, நம் பெண்மக்களுக்குச் சார்பாக எழுதிய நீதிபதி தூலியா அவர்கள் இத்தீர்ப்பையே துணைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

பிறருடைய மார்க்கத்திலிருந்து நமக்கு விடுதலை வேண்டும், நம்முடைய மார்க்கத்திலிருந்து மட்டும் எவருக்கும் விடுதலை கூடாது என்றால், அது தராசின் ஒரு தட்டை விரலால் அழுத்துவதாகும். அளவையில் மோசம் செய்வோர் பற்றி மிம்பரில் நின்று நான் பேசாத ஆண்டில்லை.

ஒன்றையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நிர்ப்பந்தத்திலிருந்து விடுதலை என்பது வேறு, மார்க்கம் கண்ணிலேயே படக்கூடாது என்பது வேறு. பிரான்சு 2004இல் அரசுப் பள்ளிகளில் தலைத்துணியைத் தடைசெய்தது இரண்டாவது வகை. நம் அரசியலமைப்பு அதைக் கேட்கவில்லை.

இனி, ஜமாஅத்தின் அதிகாரத்திற்கு வருகிறேன். மனுக் கொடுத்த சகோதரர்கள் 26ஆம் பிரிவைக் காட்டுகிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஊர்விலக்கைத் தடுத்த 1949ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டத்தை, தாவூதி போரா தலைவர் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1962இல் பெரும்பான்மையால் செல்லாது என்றது. ஆயினும் தலைமை நீதிபதி சின்ஹா அன்றே மாறுபட்டார். 2023 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள், அத்தீர்ப்பு மறு ஆய்வுக்கு உரியது என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பினார்கள். மகாராஷ்டிரத்தில் சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கி 2016இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. அதெல்லாம் கிடக்கட்டும். 1962ஆம் ஆண்டுத் தீர்ப்பை எத்தனை முறை வாசித்தாலும், அண்ணன் சொன்னதற்குத் தங்கையின் நிகாஹை நிறுத்த அதில் இடமில்லை.

முர்தத் பற்றிய பாடத்தை மதரஸாவில் நானும் ஓதியவன்தான். ஆட்சியாளரும் காஜியும் விசாரிக்க வேண்டியதாக எழுதப்பட்ட அந்தப் பாடத்தில், தெருவில் நிற்கும் தனி மனிதனுக்கு இம்மியளவும் அதிகாரம் தரப்படவில்லை. 2017 மார்ச்சில் கோயம்புத்தூரில், இறைமறுப்பாளராகிவிட்ட நம் சமுதாய இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர்களும் நம் பெயர் தாங்கியவர்களே. அவருடைய பிள்ளைகள் அன்று அநாதைகளாயினர். அச்செய்தியைப் படித்த நாளில் இந்தப் பள்ளியில் அதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அது என் குறை, இன்று ஒப்புக்கொள்கிறேன்.

ஹுதைபிய்யா உடன்படிக்கையில், மதீனாவை விட்டு மக்காவுக்குச் செல்பவரைத் திருப்பிக் கேட்பதில்லை என்ற ஷரத்துக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இசைந்தார்கள். ஸஹாபாக்களுக்கே அது கசந்தது. உள்ளத்தில் இல்லாத ஒருவரை ஸஃப்பில் பிடித்து நிறுத்தினால் நமக்குக் கிடைப்பது ஒரு முனாஃபிக் மட்டுமே.

அதற்காக நான் தஃப்தரை எல்லோருக்கும் திறந்துவைக்கவும் இல்லை. ஈமான் இல்லை என்று சொல்லிக்கொண்டே அந்த மகன் தன் நிகாஹுக்கு வந்தால் நான் எழுத மாட்டேன். அவருக்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது, பதிவு அலுவலகம் இருக்கிறது. அவருடைய மனச்சாட்சிக்கு உள்ள மதிப்பு என்னுடையதற்கும் உண்டல்லவா?

மனு இப்போது கமிட்டியின் மேசையில் இருக்கிறது. அதை இன்றே திருப்பிக் கொடுத்துவிடுமாறு முத்தவல்லி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தகப்பனாரின் சந்தாவை வழக்கம்போல் பெற்று ரசீது கொடுங்கள். மகளின் நிகாஹ் வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு. தஃப்தரை நானே எழுதுகிறேன், சாட்சிக்கு இரண்டு பேர் முன்வாருங்கள். தங்கையின் நிகாஹுக்கு அண்ணனும் வருவார். அவருக்கு யாரும் ஸலாம் சொல்லத் தயங்கினால், அவரை என் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

வஸ்ஸலாம்.