பள்ளியும் இல்லமும்



தொடக்கப் பள்ளியிலிருந்து வீட்டிற்கு ஆள் வருகிறதென்றால் பெற்றோர் உள்ளத்தில் முதலில் எழும் எண்ணம் யாது? “பிள்ளை என்ன குற்றம் செய்தானோ” என்பதே. குறைகூறுவதற்கு மட்டுமே பெற்றோரை அழைக்கும் வழக்கம் பள்ளிகளில் வேரூன்றிவிட்டது. ஆண்டுத் தொடக்கத்திலேயே, “உங்கள் மகள் இன்று ஒரு பத்தியைத் தானே படித்தாள்” என்னும் நற்சொல் இல்லத்தை அடையுமாயின், பின்னர்க் குறைகூற நேரும்போதும் அவ்வீட்டார் செவிசாய்ப்பர்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், குழுவில் பாதியினர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்கிறது. ஏட்டளவில் இது நன்று. ஆயினும் கூட்டம் முற்பகல் பதினொரு மணிக்கெனில், களையெடுக்கச் செல்லும் தாய் எங்ஙனம் வருவாள்? ஒருநாள் கூலியை இழந்து வந்தவளிடம் தீர்மானப் பதிவேட்டை நீட்டிக் கையொப்பம் மட்டும் பெற்று அனுப்பினால் மறுமுறை அவள் வாராள். அதனை அக்கறையின்மை என்று எழுதிவைப்பது அறமன்று. கூட்டத்தை மாலைப்பொழுதிற்கு மாற்றுவதற்குப் பணச்செலவு ஏதுமில்லை.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. எழுத்தறியாத தாயின் பிள்ளை மூன்றாம் வகுப்பை எட்டும்போது, “அம்மாவிற்கு ஒன்றும் தெரியாது” என்று எண்ணத் தொடங்குகிறது. தாயும் அதனை ஒப்புக்கொண்டு ஒதுங்குகிறாள். இதற்கு வீட்டுப்பாடமே பெரும்பாலும் காரணமாகிறது. அவளுக்குத் தெரிந்ததை வினவும் வீட்டுப்பாடம் ஏன் கூடாது? ஏழு புள்ளியில் தொடங்கி இடைப்புள்ளியாக நான்கில் முடியும் கோலத்தில் மொத்தப் புள்ளிகள் எத்தனை? நடுவரிசையில் ஏழு, அதன் இருபுறமும் ஆறு, ஐந்து, நான்கு, ஆக 37. தாய் நாள்தோறும் வாயிலில் இடும் கோலத்தில் கூட்டலும் உண்டு, சமச்சீரும் உண்டு. படிக்கு எத்தனை ஆழாக்கு, மரக்காலுக்கு எத்தனைப் படி என்று தாத்தாவைக் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். அளவு ஊருக்கு ஊர் வேறுபடும். அவ்வேறுபாடே வகுப்பில் நல்லதொரு பாடமாகும்.

வாசிப்பிற்கும் எழுத்தறிவு தடையன்று. பிள்ளை உரக்கப் படிக்கையில் பத்து நிமிடம் உடனமர்ந்து கேட்டு, “அப்புறம் அந்த நரி என்ன செய்தது?” என்று வினவினால் போதும். பிள்ளை தான் படித்ததைத் தன் சொல்லில் விளக்க முயலும்.

கற்ற பெற்றோர் இல்லங்களிலோ நிலைமை நேர்மாறு. பிள்ளை செய்யவேண்டிய செயல்திட்டத்தைத் தந்தை நள்ளிரவுவரை வெட்டி ஒட்டுகிறார், பிள்ளை உறங்கிவிடுகிறது. மதிப்பெண் யாருக்கென்பதை ஆசிரியரும் அறிவார்! கோணலாயினும் பிள்ளை செய்ததே போதும் என்று பள்ளி வெளிப்படையாகக் கூறிவிடுதல் நலம்.

பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டதன் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம், விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கப்பெற்றது. தன்னார்வலர் மாலைவேளையில் குடியிருப்பிலேயே பாடம் நடத்தினர். தெருத்திண்ணையில் பாடம் நடந்தால், அடுப்படியிலிருந்தே தாயின் செவிக்கு அது எட்டும். பள்ளி வாயிலைத் தாண்டத் தயங்குபவளும் திண்ணையோரம் வந்து நிற்பாள். அவ்வேளையில் ஆசிரியர் ஒருவர் அவளருகே சென்று, பிள்ளையின் ஏட்டைப் பிரித்து, நேற்றைய பக்கத்தையும் இன்றைய பக்கத்தையும் அடுத்தடுத்துக் காட்டலாம். எழுத்து நேராகிவருவதை அறிய எழுத்தறிவு வேண்டா.