முடித்து வைப்பவர்கள்



பட்டமளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் புதிதாக ஏதாவது தொடங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தொடங்குவதற்கு, இன்று பட்டம் பெறும் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த ஊருக்குப் போனாலும் அடிக்கல் நாட்டிய கல்வெட்டு ஒன்று நிற்கிறது. வேலை முடிந்தபோது என்ன கற்றோம் என்று பொறித்த கல்லை நான் எங்கும் பார்த்ததில்லை. ஆகவே இன்று ஒரு காட்டை எடுத்துக்காட்டாக வைத்து, முடித்து வைப்பதைப் பற்றிப் பேசுகிறேன்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே பிச்சாவரம். நடராசர் கோயிலின் தல மரமான தில்லை இன்றும் வளரும் அலையாத்திக் காடு அது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970 வரை அந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து முழுதாக வெட்டினார்கள். வெட்டிய இடம் மறுபடி தழைக்கும் என்பது கணக்கு. பல இடங்களில் தழைக்கவில்லை. பிறகு வெட்டுவது நின்றது. ஏன் தழைக்கவில்லை என்ற கேள்வி மட்டும் அப்படியே கிடந்தது. விடை எழுதாத இடத்தில் பழி வந்து உட்காரும். விறகு பொறுக்கியவர்களும் மாடு மேய்த்தவர்களும்தான் காட்டை அழித்தார்கள் என்ற பேச்சு நிலைத்துவிட்டது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் கரையோர மக்களோடும் சேர்ந்து மண்ணை ஆராய்ந்தது. மரம் போன இடத்தில் வெயில் நேரே இறங்கி, ஈரம் வற்றி, தரை தாழ்ந்து தொட்டிபோல ஆகியிருந்தது. ஓதத்தில் ஏறிய நீர் வடியாமல் தேங்கி, காய்ந்து, உப்பாகப் படிந்திருந்தது. அதில் கன்று பிழைக்காது. காரணம் தெரிந்ததும் வழியும் தெரிந்தது. மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் வந்து போகும்படி செய்து, கன்று நட்டார்கள். 1986, 2002ஆம் ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டபோது காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியிருந்தது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை, பிச்சாவரம் இருக்கும் கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டே பரங்கிப்பேட்டையில் இயங்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் ஆய்வாளர்கள் 18 குடியிருப்புகளை ஆராய்ந்து, அலையாத்திக் காடு சேதத்தைக் குறைத்தது என்று எழுதினார்கள். 2006இல் வேறு சிலர் அதை மறுத்தார்கள்: ஊரின் உயரமும் கடலிலிருந்து அதன் தொலைவுமே பெரும் காரணம் என்றார்கள். இந்த வாதம் நமக்கு நல்லது. கற்ற பாடத்தை அதன் சான்று தாங்கும் அளவுக்கே எழுத வேண்டும் என்பதை அது சொல்கிறது. காடு காப்பாற்றும் என்று மட்டும் எழுதிவைத்தால், மேட்டில் வீடு கட்டுவதை அடுத்த தலைமுறை மறந்துவிடும்.

இன்னொன்று. வாய்க்கால் வெட்டியதோடு வேலை முடிவதில்லை. வண்டல் படிந்துகொண்டே இருக்கும், தூர் வார வேண்டும். திட்டத்தின் நிதி முடிந்த மறுநாள் மண்வெட்டியை எடுப்பவர் யார், அவருக்குக் கூலி எங்கிருந்து வரும் என்பது திட்டம் நடக்கும்போதே முடிவாக வேண்டும்.

நண்பர்களே, உங்களில் பலர் அலுவலகங்களில் பயன்பாட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போடப் போகிறீர்கள். பணம் செலவானதை அது சொல்லும். கற்றதைச் சொல்லாது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும். நினைத்தது என்ன, நடந்தது என்ன என்று அருகருகே எழுதுங்கள். உடன் வேலை பார்த்தவர்கள் கலைந்து போவதற்குள் அவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள். படகு ஓட்டியவரையும் மண் சுமந்தவரையும் விட்டுவிடாதீர்கள். கூலி பாக்கியைத் தீர்த்துவிட்டு ஏட்டை மூடுங்கள். அடுத்து பொறுப்பேற்பவரின் பெயரை எழுதி, அறிக்கையின் ஒரு படியை அந்த ஊரிலேயே, ஊர்க்காரர் படிக்கிற தமிழில் கொடுங்கள்.

நீங்கள் எழுதும் முதல் நிறைவு அறிக்கையில் 'எதிர்பார்த்தபடி நடக்காதவை' என்று ஒரு பத்தி இருக்கட்டும். அதற்காக மேலதிகாரி முகம் சுளிக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த நாற்காலியில் நீங்கள் உட்காரும் காலம் வரும். அப்போது அந்தப் பத்தி இல்லாத அறிக்கை வந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.