வாங்கின தேதி, வித்த தேதி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசிய உரை)



பங்குச் சந்தை நமக்கு எதுக்குன்னு நினைக்காதீங்க. நம்ம பான் கார்டை வைத்து, நம்ம பேர்ல டிமேட் கணக்கு திறந்து, பிள்ளைகள் போனிலேயே வாங்கி விற்கும் வீடுகள் இப்ப நம்ம ஊர்களிலும் இருக்கு. கணக்கு நம்ம பேர்ல இருந்தா, வருமான வரிக் கேள்வியும் நம்ம பேருக்குத்தான் வரும். அதனால நாலு விஷயம் சொல்றேன்.

முதலாவது, 12 மாதக் கணக்கு. சந்தையில் பட்டியலான பங்கை வாங்கி 12 மாதத்துக்குள் விற்றால், லாபத்துக்கு 20 சதவீதம் வரி. 12 மாதம் தாண்டி விற்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய் லாபம் வரை வரி இல்லை; அதற்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் இதுதான் விகிதம்.

இரண்டாவது, '12 லட்சம் வரை வரி இல்லை' என்ற பேச்சு. 2025-26ஆம் ஆண்டுக்கு வந்த அந்தத் தள்ளுபடி, பங்கு விற்ற லாபத்துக்குப் பொருந்தாது. வருஷம் 6 லட்சம் சம்பளம் வாங்கும் நம்ம பொண்ணுக்குச் சம்பளத்துக்கு வரி வராது. ஆனா அவள் பங்கு வாங்கி ஆறு மாதத்தில் விற்று 20,000 லாபம் பார்த்தால், அதுக்கு 4,000 வரியும் 4 சதவீத செஸ்ஸும் கட்டணும். புதிய வரி முறையில், பங்கு லாபத்தையும் சேர்த்து மொத்த வருமானமே 4 லட்சத்துக்குள் இருந்தால் கவலை இல்லை.

மூன்றாவது, விற்றுட்டுத் திரும்ப வாங்குவது. 2 லட்சத்துக்கு வாங்கிய பங்கு, இரண்டு வருஷத்தில் 3 லட்சம் ஆயிடுச்சுன்னு வைங்க. விற்றால் 1 லட்சம் லாபம். வேறு லாபம் இல்லைன்னா வரி இல்லை. மறுநாள் 3 லட்சத்துக்குத் திரும்ப வாங்கினால், இனி லாபக் கணக்கு 3 லட்சத்திலிருந்துதான் தொடங்கும். பின்னால் அது 4 லட்சம் ஆகும்போது ஒரேயடியாக 2 லட்சம் லாபம் காட்ட வேண்டியதில்லை. ஆனா 12 மாதக் கணக்கும் புதுசா ஆரம்பிக்கும். அதே பங்கை ஒரே நாளில் விற்று வாங்கினால் பங்கு கைமாறினதாகவே ஆகாது. அதனால மறுநாள் வாங்கணும். விற்கவும் வாங்கவும் 0.1 சதவீதம் பரிவர்த்தனை வரி உண்டு. இந்த உதாரணத்தில் அதுவே 600 ரூபாய், தரகு தனி. மொத்த லாபமே 1.25 லட்சத்தைத் தாண்டாதவங்களுக்கு இந்த வேலையே வேண்டாம்.

நட்டத்துக்கு விற்ற பங்கை 30 நாளுக்குள் திரும்ப வாங்கக் கூடாதுன்னு சிலர் சொல்வாங்க. அது அமெரிக்கச் சட்டம். அங்கே அப்படி வாங்கினால் அந்த நட்டத்தைக் கழிக்க விடமாட்டாங்க. நம்ம நாட்டில் அந்த 30 நாள் விதி இல்லை. இங்கே கெடு தேதிக்குள் வரிக் கணக்கு தாக்கல் செய்தால், கழிக்காத நட்டத்தை அடுத்த 8 வருஷம் வரை எடுத்துட்டுப் போகலாம்.

நான்காவது, யார் பணம்? வீட்டுக்காரர் கொடுத்த பணத்தில் நம்ம பேர்ல பங்கு வாங்கினால், அந்த லாபம் அவர் வருமானத்தோடு சேரும். நம்ம சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கினால் நம்ம வருமானம். குழுக் கடன் எடுத்து மட்டும் பங்கு வாங்காதீங்க. அது ஆட்டுக்கும் மாட்டுக்கும் மரவள்ளிக்கும் வந்த பணம்.

சகோதரிகளே, சந்தா, கடன், வட்டின்னு வாராவாரம் நோட்டில் ஏற்றிப் பழகினவங்க நாம. அந்தப் பழக்கம் இதுக்கும் போதும். ஒரு நோட்டு போடுங்க. வாங்கின தேதி, விலை, வித்த தேதி, விலை, யார் பணம் — அஞ்சே கட்டம். கொஞ்சம் கொஞ்சமா வாங்கின பங்கில், முதலில் வாங்கினதுதான் முதலில் வித்ததாகக் கணக்கு. அதனால ஒவ்வொரு தேதியும் முக்கியம். பிள்ளை 'வித்துட்டேம்மா'ன்னு சொன்னா, 'என்னைக்கு வாங்கினது?'ன்னு கேளுங்க.