பல் முளைக்காத பிள்ளையும் பள்ளியும்



எழுத்துகள் பிறக்கும் முறையைக் கூறவந்த தொல்காப்பியர், நா, இதழ், அண்ணம் ஆகியவற்றோடு பல்லையும் ஒலிக்கும் உறுப்பாக எண்ணினார். தகர நகரங்கள் மேற்பல்லின் அடியை நா பொருந்தவும், வகரம் பல்லும் இதழும் இயையவும் பிறக்கின்றன. ஆகவே பல் முளைக்காத குழந்தையின் நிலை மருத்துவர்க்கு மட்டுமன்றி, மொழி கற்பிப்போர்க்கும் உரிய கவலையாகும்.

இக்குறை பற்றிய பழைய பதிவு ஒன்று சிந்துப் பகுதியிலிருந்து கிடைக்கிறது. அங்கு வாழ்ந்த ஓர் இந்துக் குடும்பத்தைப் பற்றிச் சார்லஸ் டார்வின் 1875ஆம் ஆண்டில் வெளியான தம் நூற்பதிப்பில் எழுதினார். நான்கு தலைமுறைகளில் பத்து ஆடவர்க்கு, இரு தாடைகளிலும் சேர்த்து நான்கு சிறிய முன்பற்களும் எட்டுக் கடைவாய்ப் பற்களுமே இருந்தன. உடலில் மயிர் குறைவு. கோடையில் தோல் வறண்டு வருந்தினர். பெண்மக்களிடம் இக்குறை தோன்றவில்லை. ஆயினும் அவர்கள் வழியாகப் பேரன்மாரை அடைந்தது.

பல், மயிர், வியர்வைச் சுரப்பி ஆகிய மூன்றும் கருவின் புறப்படையோடு தொடர்புடையவை என்பதே இதன் விளக்கம். எக்ஸ் குரோமோசோமில் அமைந்துள்ள, இவ்வகைக்குரிய மரபணு 1996இல் கண்டறியப்பட்டது. இந்நோயை எக்டோடெர்மல் டிஸ்பிளாசியா என்பர்.

இதற்கு இன்று வழியுண்டு. தைட்டானியம் எலும்போடு ஒன்றிவிடும் இயல்பைச் சுவீடன் நாட்டு அறிஞர் பிரோனமார்க் 1952இல் முயல்களிடம் கண்டார். 1965இல், பிறவியிலேயே தாடைக் குறையுற்ற ஒருவர்க்கு அவ்வுலோக வேர்களைப் பொருத்தினார். அதுவே இன்றைய பல் உள்வைப்பின் தொடக்கம்.

ஆயினும் இம்மருத்துவத்தில் அவசரம் ஆகாது. இயற்கைப் பல் தாடையோடு சேர்ந்து உயரும். உள்வைப்போ எலும்பில் இறுகி நின்றவிடத்திலேயே நிற்கும். எனவே பெரும்பாலும் தாடை வளர்ச்சி முடியும்வரை காத்திருப்பர். பற்களே இல்லாத கீழ்த்தாடையின் முன்பகுதியில் மட்டும் வல்லுநர் சிலவேளை முன்னரே பொருத்துவர். பல் முளைக்காத இடத்தில் எலும்பு மெலிந்திருப்பதால், எலும்பு ஒட்டும் தேவைப்படலாம். அதுவரை, கழற்றி மாட்டும் செயற்கைப் பல்வரிசையே துணை. பிள்ளை வளர வளர அதனையும் மாற்றவேண்டும்.

அக்காத்திருப்புக் காலம் முழுவதும் பிள்ளை நம் வகுப்பறையில்தான் இருக்கிறது. ஆயர் ஈத்தாமின் வெயிலில், வியர்வாத உடல் விரைந்து கொதிக்கும். சபைக்கூடலிலும் திடல் பயிற்சியிலும் அப்பிள்ளைக்கு நிழலும் நீரும் ஈரத்துணியும் வேண்டும். வாசிக்கையில் ஒலி பிறழ்ந்தால் பொறுமை வேண்டும். மாணவர்களே, 'பொக்கை வாய்' என்னும் ஏளனம் உங்கள் நாவில் எழலாகாது. ஆசிரியர்களே, பால்பல் முளைக்காமையோ கூம்பிய பற்களோ மயிர்க் குறைவோ கண்டால், பெற்றோரிடமும் பள்ளிக்கு வரும் பல் மருத்துவக் குழுவிடமும் தெரிவியுங்கள்.

உள்வைப்பு மருத்துவர் தருவது. அதுவரை பிள்ளை வாய்திறந்து பேசும் துணிவைத் தரவேண்டியவர் நாமே.